பெங்களூர் போய் வந்த வெள்ளைச் செருப்பு

பாகாயம்
12 ஜூலை 2009, ஞாயிறு

அன்புள்ள ராஜாவுக்கு,

ஒருவர் தன் ஊர்க் கடையில் வாங்குவது கடமையா, தயவா, வெறும் பழக்கமா? இத்தனை வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன், இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. போன மாதம் ஆம்பூரில் உங்கள் செருப்பு வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் நிசார் அஹமது இதையேதான் வேறு விதமாகக் கேட்டார். "மேடம், நீங்க படிச்சவங்க. நம்ம கடைய வுட்டுட்டு நெட்டுல வாங்கறவன் ஊருக்குத் துரோகியா இல்லியா, சொல்லுங்க." நான் ஒன்றும் சொல்லவில்லை. அதோடு நின்றிருக்கலாம். பென்சிலை எடுத்திருக்க வேண்டாம்.

மூன்று முறை போன் செய்தேன். முதல் முறை மெர்சி எடுத்து, "அவரு குளிக்கறாரு அண்ணி" என்றாள். இரண்டாம் முறையும் குளித்துக்கொண்டிருந்தாய். மூன்றாம் முறை நீயே எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன். நீ பாதியில் மடித்து வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

கெசியாவின் திருமணம் ஆகஸ்ட் 27, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. மாப்பிள்ளை நெல்வின் வீட்டார் பள்ளிகொண்டாவில் தங்கள் சபையிலேயே நடத்த வேண்டும் என்கிறார்கள். சின்ன ஆலயம். பஸ்ஸில் போகும்போது அதன் சிலுவையைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. ரெனால்ட் இருந்திருந்தால் மகளைக் கைப்பிடித்துப் பீடம் வரை அழைத்துப் போயிருப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. தாய்மாமன் நீதான் அவளை அழைத்துப் போக வேண்டும். இதைக் கேட்கத்தான் மூன்று முறையும் கூப்பிட்டேன்.

வரி அலுவலகத்துக்கு உங்கள் சங்கம் எழுதிய மனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. "ஒரு தடவ படிச்சு இங்கிலீஷ திருத்திக் குடுக்கா" என்று சொல்லி என்னை அழைத்துப் போனவன் நீ. 'இன்டர்நெட்டில் விற்பவர்கள் அரசாங்கத்துக்கு ஒரு பைசா வரி கட்டுவதில்லை' என்று முதல் பத்தியிலேயே இருந்தது. அது உண்மை இல்லை, அடித்தேன். உன் சங்கத்தார் அத்தனை பேர் முன்னால் அடித்தது அழகாக இல்லை என்பது பஸ் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

பதில் எழுது. மெர்சியிடம் சொல்லி அனுப்பாதே.

அக்கா
இவாஞ்சலின்


ஆம்பூர்
17-7-2009

அக்காவுக்கு,

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசற மாதிரியே எழுதறேன். இதுலயும் பென்சில எடுத்துனு அடிக்காத.

நான் நெஜமாவே குளிச்சிக்கினுதான் இருந்தேன். மொதல் தடவ மட்டும்.

அன்னிக்கு நடந்தது உனக்கு 'அழகா இல்ல', அவ்ளோதான் இல்ல? நிசார் பாய் என் தோஸ்து. முப்பது கடைக்காரங்கள உக்கார வெச்சி, "நம்ம கிறிஸ்துராஜோட அக்கா, காலேஜ் ப்ரொஃபசரு"ன்னு பெருமையா சொல்றாரு. நீ ஒரு கோடு போட்ட, டீ கொண்டாந்தவன் கூட நின்னுட்டான். வெளிய வந்ததும் ஒருத்தன் கேக்கறான், "இன்னா ராஜ், உங்க அக்கா நெட்டு கம்பெனில வேலைக்கி சேந்துட்டாங்களா?"

என் நெலம தெரிஞ்சிக்கோ. போன வாரம் ஒரு பொண்ணு வந்துது. மூணு ஜோடி எறக்கி, மூணையும் போட்டு, கடைக்குள்ளயே நடந்து பாத்துது. அளவு நம்பர செல்போன்ல படம் புடிச்சிக்கிச்சி. "யோசிச்சிட்டு வர்றேண்ணா"ன்னு போச்சி. எங்க போய் யோசிக்கும்னு எனக்குத் தெரியாதா? கால அளக்கறதுக்கு என் கடை, காசு குடுக்கறதுக்கு கம்ப்யூட்டரு. என் பில்லுல பன்னண்டரை சதவீதம் வாட் போட்டா, "இன்னாண்ணா இவ்ளோ ஜாஸ்தி"ன்னு என் மூஞ்சியதான் பாக்கறாங்க.

இதுக்கெல்லாம் நான் பழகிட்டேன். உம் பொண்ணு பண்ணதுக்குதான் பழகல. கெசியாவே போன் பண்ணி சொன்னா. "மாமா, கல்யாணத்துக்கு ஷூ நான் நெட்டுல ஆர்டர் பண்ணிட்டேன், உங்களுக்கு எதுக்கு சிரமம்." சிரமமா? நம்ம வீட்டுல கல்யாணப் பொண்ணுக்கு செருப்பு தாய்மாமன் சீரு. தட்டுல வெச்சி எடுத்தாந்து மாமன்தான் கால்ல போட்டு வுடணும். உனக்கு நம்ம மாமா போட்டாரு. மாமா இன்னா கடை வெச்சிருந்தாரா? போஸ்டாபீஸ் வேலை. அவரே எங்கியோ தேடி வாங்கியாந்தாரு. நான் செருப்புக் கடையே வெச்சிருக்கேன், எனக்கு அந்தக் குடுப்பின இல்ல.

பீடம் வரைக்கும் கூட்டினு போவறதுக்கும் நெட்டுலயே ஒரு மாமன ஆர்டர் பண்ணிக்க சொல்லு. வீட்டு வாசல்லயே கொண்டாந்து குடுத்துட்டுப் போவான்.

நான் வர்ல.

ராஜா


பாகாயம்
26 ஜூலை 2009

ராஜா,

உன் கடிதத்தில் எதையும் அடிக்கவில்லை. வாசலில் கொண்டு வந்து கொடுக்கும் மாமனைப் படித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு நாள் எடுத்து வைத்துவிட்டு, நேற்று கெசியா பெங்களூரிலிருந்து வந்ததும் அவளிடம் கேட்டேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஏன்டி, மாமா கடை இருக்கும்போது?"

"மாமாகிட்ட போனா காசு வாங்குவாராம்மா?"

"மாட்டான்."

"போன தடவ ஆம்பூர் போனப்ப ஒரு ஸ்லிப்பர் கேட்டேன். மேல் தட்டுலேர்ந்து நானே டப்பாவ இழுத்தேன். காலி. அடுத்த டப்பா, காலி. பாதி ஷெல்ஃபு வெறும் டப்பாம்மா. ஆளுங்க பாத்தா கடை நெறைஞ்ச மாதிரி இருக்கட்டும்னு அடுக்கி வெச்சிருக்காரு. அவர்கிட்ட போய் நான் ஓசில வாங்கணுமா?"

"காசைக் கையில் திணித்துவிட்டு வாங்கி வந்திருக்கலாம்."

"குடுத்தா அவருக்குக் கோவம் வரும். குடுக்கலன்னா எனக்குக் கஷ்டம். நெட்டுல வாங்கினா யாருக்கும் ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

உன் கோபத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அது சீருன்னு எனக்கு யாரும்மா சொன்னாங்க?" என்று கேட்டாள். உண்மைதான். என் கல்யாணத்தைப் பற்றி அவளிடம் நான் அதிகம் பேசியதில்லை. ரெனால்ட் போன பிறகு சுத்தமாகப் பேசவில்லை.

காலி டப்பாக்களைப் பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். நீ மறைத்தது அவளுக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரிவதே நல்லது.

அந்த வாக்கியத்தை ஏன் அடித்தேன் என்று கூட்டத்தில் விளக்க நேரமில்லை. பெங்களூர் கம்பெனி இங்கே ஒரு ஜோடி விற்றால் அதற்கும் வரி உண்டு. அது கர்நாடகாவுக்குப் போகிறது. நம் ஊர்ச் சாலைக்கும் சாக்கடைக்கும் வருவதில்லை. குறை அதுதான். வரி வேறு இடத்துக்குப் போகிறது என்பதும் வரியே இல்லை என்பதும் ஒன்றல்ல. அவர்கள் விலை கம்மியாக இருப்பதற்கு முழுக் காரணம் வரி என்றும் நான் நம்பவில்லை. கடைத்தெருவில் வாடகை தருவதில்லை. யாரோ போட்ட முதலீட்டைக் கரைத்து விற்கிறார்கள். எத்தனை நாள் கரைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாக்கியத்தோடு மனு போனால், அதிகாரி முதல் பத்தியிலேயே அதைப் பிடித்துக்கொண்டு மற்றதைப் படிக்காமல் வைத்துவிடுவார். உங்களுக்கு எதிராக நான் அதைச் செய்யவில்லை.

கூரியரில் கெசியாவின் செருப்பு டப்பா வந்துவிட்டது. நான் பிரிக்கவில்லை.

அக்கா


ஆம்பூர்
31-7-2009

அக்காவுக்கு,

காலி டப்பா எல்லா கடைலயும்தான் அடுக்குவாங்க. அது ஷோவுக்கு. உம் பொண்ணுக்கு வியாபாரம் இன்னா தெரியும்? மெர்சிகிட்ட படிச்சுக் காட்டினேன். அவ அடுப்பாண்ட போய்ட்டா.

ஓசின்ற வார்த்தைய கெசியாவா சொன்னா? சின்னதுல என் தோள்ல உக்காந்து என் முடியப் புடிச்சி இழுக்கும், அதுக்கு இன்னா பில்லா போட்டேன்? அவ நல்ல எண்ணத்துலதான் பண்ணியிருக்கா. புரியுது. புரிஞ்சா வலிக்காதுன்னு யாரு சொன்னது?

மனுவ மாத்தல. நிசார் பாய் ஊரெல்லாம் கையெழுத்து வாங்கறாரு. சுதந்திர தினம் முடிஞ்சி வேலூர் வணிக வரி ஆபீஸ்ல குடுக்கறாங்க. மொதல் கையெழுத்து என்னுது. நீ அடிச்ச வாக்கியம் அப்பிடியேதான் இருக்குது.

கல்யாணத்துக்கு மெர்சி வருவா. பொடவ எடுத்து வெச்சிருக்கா. என்ன எதிர்பாக்காத.

அந்த டப்பா எந்த கம்பெனின்னு மேல போட்டிருக்கா? சும்மாதான் கேக்கறேன்.

ராஜா


பாகாயம்
8 ஆகஸ்ட் 2009, சனி

ராஜா,

டப்பாவின் மேல் ஒரு பெங்களூர் பெயர் இருந்தது. நீ சும்மா கேட்கிற ஆள் இல்லை என்பதால் உள்ளேயும் பார்த்தேன்.

வெள்ளைக் கட் ஷூ. குட்டையான குதிகால், கணுக்காலில் மெல்லிய வார். நன்றாகவே இருக்கிறது. இரண்டு கொக்கிகளுக்குள்ளும் வெள்ளை நூல் கோத்து, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, நூலின் நுனியை இடது ஷூவுக்குள் செருகியிருந்தது.

நான் எதையும் சுலபமாக நம்புகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். அதனால் காட்பாடி ரோட்டில் இரண்டு கடைகளுக்குப் போய், வாங்குகிற மாதிரி நான்கைந்து டப்பா பிரிக்கச் சொன்னேன். கடைக்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். எந்த ஜோடியும் கட்டியிருக்கவில்லை. காகிதம் சுற்றி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஜோடியைக் கட்டி வைத்தவர், தன் செருப்புக் கடையில், நம் அப்பா ஒருவர்தான். ஒரு தடவை ஆறாம் நம்பரும் ஏழாம் நம்பரும் ஒரே டப்பாவில் போய்விட்டன. வாங்கிய ஆள் அமிர்தியிலிருந்து திரும்ப வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டார். அதற்குப் பிறகு வந்த பழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாம் இரண்டு பேரும் கட்டுவோம். நீ நுனியை எப்போதும் இடது ஷூவில் செருகுவாய், நான் வலதில். இதற்கு நாம் அடித்துக்கொண்டதும் உண்டு.

இதைக் கட்டியது யார்?

கெசியாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நூலை அவிழ்க்கவும் இல்லை.

அக்கா


ஆம்பூர்
13-8-2009

அக்கா,

நான்தான்.

போன கிறிஸ்மஸ்லேர்ந்து. இங்க ஃபேக்டரிங்க எப்பிடி இருக்குதுன்னு பேப்பர்ல பாத்திருப்ப. வெளிநாட்டு ஆர்டர் நின்னு போச்சி. ரெண்டு ஷிஃப்ட் ஓடுன எடத்துல ஒரு ஷிஃப்ட், அதுவும் வாரத்துல நாலு நாளு. சம்பளம் வர்ற அன்னிக்கி என் கடைல நிக்க எடம் இருக்காது, இப்ப ஈ ஓட்டிக்கினு இருக்கேன். அப்ப பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ஆம்பூர் சரக்கு வேணும், பெட்டி பெட்டியா எடுத்துக்கறோம்னாரு. காலி டப்பா ஏன்னு கேட்டா இல்ல, இதான். உள்ள இருந்தது எல்லாம் பெங்களூர் போய்டுச்சி.

அவங்க வெளி மாநில வியாபாரின்னு சி ஃபாரம் குடுக்கறாங்க, அதக் காட்டி நான் வாட்டுக்குப் பதிலா ரெண்டு சதவீதம் கட்டி பில்லு போடறேன். ஒழுங்கா கட்டறேன்க்கா. அதனாலதான் சொல்றேன், அன்னிக்கு நீ அந்த வாக்கியத்த அடிச்சப்ப எனக்கு வந்தது கோவம் இல்ல, பயம். நீ அடிச்சது சரின்னு அந்தக் கூட்டத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நான். யாராச்சும் ஒருத்தன், "உங்க அக்காவுக்கு எப்பிடிப்பா இவ்ளோ தெரியும், நீ சொல்லிக் குடுத்தியா"ன்னு கேட்டா இன்னா சொல்றது? அந்த பயத்த கோவமாக்கி உன் மேல போட்டேன். மொதல் கையெழுத்தும் அதனாலதான் போட்டேன். மொதல்ல போட்டவன எவன் சந்தேகப்படுவான்?

மத்தியானத்துல ஆளே வராது. அப்ப உக்காந்து கட்டுவேன். அவங்க கட்ட சொல்லல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. எத்தினியோ ஜோடி கட்டி அனுப்பிச்சேன். எந்த ஊரு, எந்தக் காலு, ஒண்ணும் தெரியாது. அதுல ஒண்ணு கெசியாவுக்குன்னு இப்ப நீ சொல்லித்தான் தெரியும். யாருக்குன்னே தெரியாம என் அக்கா பொண்ணுக்கு சீரு கட்டி அனுப்பிச்சிருக்கேன். அதுக்கு அவ காசு குடுத்திருக்கா. இது இன்னா பொழப்பு, நீயே சொல்லு.

அவள பீடத்தாண்ட கூட்டினு போவ எனக்கு இன்னா யோக்கியத இருக்குது? நிசார் பாயும் கல்யாணத்துக்கு வருவாரு. முன்னாடி பெஞ்சில உக்காந்து என்னியே பாப்பாரு.

கெசியாகிட்ட சொல்லாத.

ராஜா


பாகாயம்
17 ஆகஸ்ட் 2009

ராஜா,

பொழப்பைப் பற்றி என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லாதே. எனக்கு மாதச் சம்பளம். கடை திறந்து உட்கார்ந்து ஆள் வராமல் போன ஒரு நாள்கூட என் வாழ்க்கையில் இல்லை. நீ படிப்பை விட்டுக் கடையில் உட்கார்ந்தாய், நான் எம்.ஏ. முடித்தேன். உன் இடத்தில் இருந்தால் நானும் பெங்களூருக்கு அனுப்பியிருப்பேன். மொட்டையாக அனுப்பியிருப்பேன், முடிச்சுப் போட்டிருக்க மாட்டேன்.

ஆம்பூரிலிருந்து பாகாயத்துக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். இந்தச் செருப்பு பெங்களூர் போய், இரண்டு மாநிலத்துக்கும் வரி கட்டிவிட்டு என் மேசைக்கு வந்திருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரியும். சொல்ல மாட்டேன், பயப்படாதே.

மனுவை நானே புதிதாக எழுதிவிட்டேன், இத்துடன் இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: பொருள் எந்த ஊருக்குப் போய்ச் சேருகிறதோ வரியும் அந்த ஊருக்கே வரட்டும். பொய் எதுவும் இல்லை. உன்னைப் போல் அங்கே அனுப்பி இங்கே விற்கிறவரும் கூசாமல் கையெழுத்துப் போடலாம். இப்படி ஒரு சட்டம் வரும் என்றோ, வந்தால் உன் கடை நிறையும் என்றோ நான் நம்பவில்லை. கேட்பதில் தப்பில்லை. நிசார் அஹமதுவிடம் கொடுக்கலாம், கிழிக்கலாம். உன் இஷ்டம்.

அவரிடம் நீ எதைச் சொல்வாய் என்பதும் உன் இஷ்டம். என்னிடமிருந்து ஒரு வார்த்தை போகாது.

கெசியா எதுவும் அறியாமல் தினமும் கேட்கிறாள், "மாமாகிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சாம்மா?" வந்தது என்கிறேன். "வர்றாராமா?" அதற்கு நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன். நீ வராவிட்டால் நானே அழைத்துப் போவேன். அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் அவள் கேட்பது என்னை அல்ல.

வியாழன், பத்து மணி. பள்ளிகொண்டா.

அக்கா


ஆம்பூர்
22-8-2009

அக்கா,

நிசார் பாய்கிட்ட சொல்லிட்டேன். உன் மனுவையும் குடுத்தேன். கடையில வேற யாரும் இல்ல. நான் சொல்லச் சொல்ல அவரு கல்லாப் பொட்டியையே பாத்துக்கினு இருந்தாரு. கடைசில, "எத்தினி நாளாடா?"ன்னாரு. "கிறிஸ்மஸ்லேர்ந்து பாய்"ன்னேன். "போடா"ன்னாரு. அவ்ளோதான். வெளிய வந்துட்டேன். அன்னிக்கு சோறு எறங்கல. முப்பது வருச தோஸ்து.

மறுநாள் கடை தொறக்கறேன், எனக்கு முன்னாடி வந்து நிக்கறாரு. அடிக்கத்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். சுத்தும் முத்தும் பாத்துட்டு, "அந்த பெங்களூர்காரன் நம்பர் இருக்குதா?"ன்னாரு. "எதுக்கு பாய்?"ன்னேன். "எதுக்குன்னு கேக்கறியே, பேமானி! எட்டு மாசமா தனியா துன்னுக்கினு இருக்கியே, ஒரு வார்த்த சொன்னியா? எங்கிட்ட எண்ணூறு ஜோடி ஜென்ட்ஸ் சாண்டல் தூங்குதுடா!"

மெர்சி உள்ளார சிரிக்கற சத்தம் தெருவுக்கே கேட்டுது.

உன் மனுவதான் குடுக்கப் போறாங்க. "உங்க அக்கா எழுதுனதுலதான் மானம் இருக்குது"ன்னு சொன்னாரு. என்னியும் கையெழுத்துப் போட சொன்னாரு. போட்டேன். மொதல்ல இல்ல, பத்தோட பதினொண்ணா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கடையில ஒரு ஜோடி எடுத்து வெச்சிருக்கேன். வெள்ள. சாஃப்ட் தோலு, அவ காலுக்குன்னே பாத்து எடுத்தேன். அவகிட்ட ஏற்கெனவே ஒண்ணு இருக்குது, அதுவும் என் சரக்குதான். ஆனா அது அவ காசு குடுத்து வாங்கினது, இது நான் குடுக்கறது. நான் தட்டோட வந்து நின்னு, அவ தர்மசங்கடப்பட்டு, உனக்காக என்னுத போட்டுக்கினா எனக்கு வேணாம். அவளோடத போட்டுக்கினா நான் எதுக்கு?

எத போடுவா அவ? நீ சொல்லு. அப்புறம் வர்றதா வேணாமான்னு பாக்கறேன்.

ராஜா


பாகாயம்
26 ஆகஸ்ட் 2009, புதன் மாலை

ராஜா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இதைத் தபாலில் போட்டால் நாளைக்குள் உனக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். போனை எடுத்தேன், உன் நம்பரையும் போட்டேன். நீ எடுத்தால் சொல்ல ஒன்றும் இல்லை என்பதால் வைத்துவிட்டேன். இந்தத் தடவை வைத்தது நான்.

அவள் எதைப் போடுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லி அவள் உன்னுடையதைப் போட்டால் அது தயவு. நான் சொல்லாமல் விட்டு அவள் வாங்கியதையே போட்டால் உனக்கு மனம் ஆறாது. முதல் கடிதத்தில் எழுதிய கேள்வியிலேயே திரும்ப வந்து நிற்கிறேன். உன் முடிச்சை மட்டும் இன்று கெசியாவே அவிழ்த்தாள். "யாரும்மா இவ்ளோ அக்கறையா கட்டியிருக்காங்க" என்றாள். நீ சொல்ல வேண்டாம் என்றதால் நான் சொல்லவில்லை. அந்த நூலை எடுத்து வைத்திருக்கிறேன்.

வீடு முழுக்க ஆள். மல்லிகைப்பூ வந்துவிட்டது. கெசியா கையில் மருதாணியோடு உட்கார்ந்துகொண்டு, "மாமா வர்லன்னா நீ என் வலது பக்கம் நடக்கணும்மா, இடது பக்கம் வெய்ல் தாங்காது" என்கிறாள். வெயிலைப் பற்றித்தான் பேசுகிறாள்.

நீ வருவாயா? தெரியவில்லை.

27 ஆகஸ்ட், வியாழன்

நீயும் அங்கே இருந்தாய். ஆனால் முன்னால் பார்த்து நடந்தவன் நீ, பின்னால் நடந்தவள் நான். நான் பார்த்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு எங்கள் கார் ஆலயத்துக்கு முன்னால் நின்றது. கெசியா அவள் வாங்கிய செருப்பைப் போட்டிருந்தாள். எதைப் போட என்று அவள் என்னைக் கேட்கவில்லை, அவளுக்கு அந்த ஒன்றுதான் தெரியும். வாசல் படியில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு, கையில் தட்டும் தட்டில் டப்பாவுமாக நீ நின்றிருந்தாய். காலில் ஒன்றும் இல்லை. முகம் சண்டைக்காரன் முகம்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நீ நேரில் சொன்ன முதல் வார்த்தை, "அக்கா, உள்ள செருப்பு கூடாதாம்."

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் உன் பின்னால் பார்த்தேன். படியோரம் முழுக்கச் செருப்பு. மாப்பிள்ளையின் பளபளத்த ஷூ, சபை ஐயருடைய செருப்பு, நிசார் அஹமதுவின் சாண்டல்கூட. வாசலில் நின்ற பச்சையப்பன் என்ற பெரியவர், "எங்க கோயில்ல அதாம்மா வழக்கம். பொண்ணுக்கும்தான். பத்திரிகையில போட்டிருக்கணும், எல்லாருக்கும் தெரியும்னு வுட்டுட்டாங்க" என்றார். பள்ளிகொண்டாவில் எல்லாருக்கும் தெரியும். செருப்புக்காக இரண்டு மாதம் பேசாமலிருந்த நமக்குத்தான் தெரியவில்லை.

கெசியா உன் தட்டைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. முகத்திரை கிரீடத்திலிருந்து நழுவியது, மெர்சி ஓடி வந்து பிடித்தாள். "மாமா, இத கழட்டி வுடுங்க, என்னால குனிய முடியாது" என்றாள். நீ தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் படியில் குனிந்தாய். கொக்கியில் கை வைத்ததும் உன் கை நின்றதை நான் பார்த்தேன். பிறகு இரண்டையும் கழற்றினாய். போட்டுவிட வந்த மாமன் கழற்றிவிட்டாய். டப்பாவிலிருந்து உன் ஜோடியையும் எடுத்தாய். சட்டைப் பையிலிருந்து வெள்ளை நூல் எடுத்து, நாலையும் சேர்த்துக் கோத்து, மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஜன்னல் கம்பியில் மாட்டினாய். "இவ்ளோ செருப்புல ஜோடி மாறிடப் போவுது" என்றாய்.

கெசியா அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உன்னைப் பார்த்தாள். உன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மணல் தூவிய வாசல் சுட்டது. உள்ளே தரை குளிர்ச்சியாக இருந்தது. நீங்கள் இருவரும் வெறுங்காலோடு முன்னால் போனீர்கள். உன் இடது குதிகாலில் சின்ன வயதில் ஆணி குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. பாட்டு முடிவதற்கு முன்பே பீடத்துக்குப் போய்விட்டீர்கள், நீ அவ்வளவு வேகமாக நடந்தாய்.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. நீ பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். நிசார் அஹமது பல்லால்கூட முயன்றார். கெசியா, "விடுங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு காரில் ஏறினாள்.

நாலு செருப்பும் கட்டியது கட்டியபடி என் மேசையில் இருக்கின்றன. நுனி எங்கே என்று தேடினேன். வலது ஷூவில் செருகியிருக்கிறாய், நான் செருகுவதைப் போல.

அக்கா